தீர்ப்புக்குப் பின்னும் ஒரு வழக்கு

(நாட்றம்பள்ளியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு பிரேரணை வந்ததும், அதன்பேரில் நாம் இரு கக்ஷிகளாகப் பிரிந்து வெகுநேரம் வாதாடியதும், யாதொரு முடிவும் காணாமல் கலைந்து சென்றதும் உங்கள் ஞாபகத்தை விட்டு அகன்றிரா. கொலை வழக்கொன்றில் பெயர் சேர்க்கப்பட்டுச் சிறையில் இருக்கும் ஒரு வாலிபனுடைய குடும்பத்தைச் சங்கத்தின் பதிவேட்டினின்றும் நீக்கிவிட வேண்டும் என்பது அப்பிரேரணை. பையன் தோல் பதனிடும் சாலையில் வேலை செய்து வந்தவன். விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை. ஆயினும், "போலீஸார் சும்மாவா பிடிப்பார்கள்? நெருப்பில்லாமல் புகையுமா?" என்று நம்மிலே ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நாம் உடனே விடை சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் அது நம் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அதற்கு விடையாகவே இன்றைய தினம் ஒரு பழைய வழக்கின் வரலாற்றைச் சொல்ல எண்ணி வந்திருக்கிறோம்.

பையன் குற்றமற்றவன் என்று நாம் சாதிக்க வரவில்லை. அது நமக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இறந்துபோனவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளையே. அந்த வீட்டாருக்கும் நீதி கிடைக்க வேண்டும். தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு நாம் தண்டனை விதிக்கலாமா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கு என்ற பெயரைக் கேளாதார் நம்மில் ஒருவரும் இரார். நம் பாட்டனார் காலத்தில் திண்ணைக்குத் திண்ணை பேசப்பட்ட வழக்கு அது. பேசப்பட்டதில் பாதி வதந்தி. ஆகையால் நிச்சயமான விஷயங்களை மட்டும் வரிசையாகச் சொல்லுகிறோம்.

ஸி. என். லக்ஷ்மிகாந்தன் என்பவர் சென்னையில் "சினிமா தூது" என்றொரு பத்திரிகை நடத்தினார். நடிகர், நடிகைகள், செல்வர்கள் ஆகியோருடைய அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி உண்மையும் பொய்யும் கலந்து எழுதுவதே அதன் தொழில். எழுதாமலிருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு என்பார்கள். இந்தத் தொல்லையைப் பொறுக்கமாட்டாமல், அக்காலத்தில் பாட்டுக்கும் நடிப்புக்கும் இணையற்று விளங்கிய எம். கே. தியாகராஜ பாகவதரும், நகைச்சுவை மன்னரான என். எஸ். கிருஷ்ணனும், கோயம்புத்தூர்ப் படமுதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் சேர்ந்து, அப்பத்திரிகையின் அனுமதியை ரத்துச் செய்ய வேண்டுமென்று கவர்னருக்கு விண்ணப்பம் அனுப்பினர். அனுமதியும் ரத்தாயிற்று. லக்ஷ்மிகாந்தன் சளைக்கவில்லை. "ஹிந்து நேசன்" என்ற வேறொரு பத்திரிகையைக் கைப்பற்றிப் பழைய வேலையையே தொடர்ந்தார்.

1944ஆம் வருஷம் நவம்பர் 8ஆம் தேதி, வேப்பேரியில் தம் வக்கீலைக் கண்டு ரிக்ஷாவில் திரும்புகையில் அவரைச் சிலர் கத்தியால் குத்தினர். மறுநாள் பொது ஆஸ்பத்திரியில் அவர் உயிர் நீத்தார். அவ்வருஷக் கடைசியில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். பிறகு நாயுடுவும் வழக்கில் சேர்க்கப்பட்டார்.

இங்கே ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பத்திரிகையால் மானம் இழந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் சட்டத்தை நம்பி, கையெழுத்திட்டு, சர்க்காரிடம் பகிரங்கமாக முறையிட்டவர்கள் இந்த மூவர். அந்தக் கையெழுத்தே பிற்பாடு இவர்களுக்கு விரோதம் இருந்ததற்கு அத்தாட்சியாய் நின்றது. ஒளிவுமறைவின்றி நடந்தவன் அகப்பட்டான், மனத்துக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவன் ஒருவர் கண்ணிலும் படவில்லை. விரோதம் இருந்தது என்பதும் கொலை செய்தான் என்பதும் ஒன்றாகிவிடுமா? வரப்புத் தகராறு இல்லாத குடும்பம் நம் தாலூகாவில் எத்தனை இருக்கின்றது?

வழக்கு சென்னை ஹைக்கோர்ட்டின் ஸெஷன்ஸில் நீதிபதி மாக்கெட் துரை முன்னிலையில், ஜூரிமாரைக் கொண்டு விசாரிக்கப்பட்டது. பிராஸிக்யூஷன் தரப்பில் முக்கியமாய் நின்றது, தானும் சதியில் ஒருவன் என்று ஒப்புக்கொண்டு அப்ரூவராக மாறியவனுடைய சாக்ஷியம். இந்த அப்ரூவர் என்ற வஸ்துவைப் பற்றிச் சட்டம் தெரியாதவர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். குற்றத்தில் பங்குகொண்டவன் ஒருவன், மன்னிப்புப் பெறும் நிபந்தனையின்பேரில், மற்றவர்களுக்கு எதிராகச் சாக்ஷி சொல்லுகிறான். அவன் கழுத்துத் தப்புவது பிறர் கழுத்தில் கயிறு விழுவதைப் பொறுத்தது. இப்பேர்ப்பட்டவன் வாக்கைப் பிறிதோர் ஆதாரமின்றி ஏற்பதில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்பதை 1872ஆம் வருஷத்துச் சாக்ஷியச் சட்டத்தை இயற்றியவர்களே உணர்ந்திருந்தார்கள். ஆதாரம் இல்லாதவிடத்து உடந்தையாயிருந்தவன் நம்பத் தகாதவன் என்று கோர்ட்டார் ஊகிக்கலாம் என அதிலேயே எழுதி வைத்தார்கள். எழுத்து இருந்தது. எழுத்தைப் படிக்கும் மனம் அன்றன்றைய ஆரவாரத்துக்கு அடங்கியதாய்விட்டது.

ஆரவாரம் என்றால் சாமானியமானதன்று. பாகவதரின் "ஹரிதாஸ்" 1944ஆம் வருஷத் தீபாவளிக்கு வெளிவந்து, சென்னையில் மூன்று தீபாவளி கண்டு ஓடியது என்பது பிரசித்தம். கொட்டகையில் அவர் குரலைக் கேட்டு ஜனங்கள் கண்ணீர் விட, அக்குரலுக்கு உடையவர் சிறைக்குள் இருந்தார். அனுதாபம் ஒருபுறம். மற்றொருபுறம், பெரிய மனிதன் வீழ்வதைக் காண்பதில் ஜனங்களுக்கு உள்ள ருசி. அந்த ருசி நமக்கு இல்லை என்று சொல்ல மனம் துணியவில்லை.

1945ஆம் வருஷம் மே 3ஆம் தேதி ஜூரிமார் தம் முடிவைச் சொன்னார்கள். ஆறு பேர் குற்றவாளி என்றனர், மூன்று பேர் அல்ல என்றனர். ஒன்பது பேர் ஒரே சாக்ஷியத்தை ஒரே அறையில் உட்கார்ந்து கேட்டவர்கள். அவர்களில் மூவருக்கு வந்த சந்தேகம் கணக்கிலேயே சேரவில்லை. நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் முழுதும் தீவாந்தர சிக்ஷை. அந்தமான் அப்போது ஜப்பானியர் வசம் இருந்தமையால் தீவாந்தரம் என்பது ஏட்டளவில்தான். உள்நாட்டுச் சிறையே அவர்களுக்குத் தீவாயிற்று.

இனித்தான் நாம் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. தீர்ப்பு ஆனவுடன் ஊர் கலைந்துவிடும். உண்மையான வழக்கை அதற்குப் பின்னர் ஒன்றிரண்டு பேரே நின்று நடத்த வேண்டும்.

அந்நாளில் ஹைக்கோர்ட்டே நேரில் ஜூரி வைத்து விசாரித்துத் தண்டித்தால், சாக்ஷியத்தின் தன்மையைக் குறித்து அப்பீல் செய்ய நெடுங்காலமாக வழியே கிடையாது. 1943ஆம் வருஷத்தில்தான் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 411-ஏ என்றொரு பிரிவைப் புகுத்தி, சட்டக் கேள்வியின்பேரில் மட்டுமன்றி நடந்த விஷயங்களின்பேரிலும் அப்பீலுக்கு வழிவிட்டனர். லக்ஷ்மிகாந்தன் இரண்டு வருஷம் முன்னதாக இறந்திருந்தால் அந்த வாசலே இவர்களுக்குத் திறந்திராது. ஒரு மனிதனுடைய ஆயுள் எத்தகைய நூலில் தொங்குகிறது பாருங்கள்!

வாசல் திறந்திருந்தும் முதலில் பயனில்லை. 1945ஆம் வருஷத்திலேயே ஹைக்கோர்ட்டார் அப்பீலைத் தள்ளினர். மிஞ்சியிருந்தது லண்டன் பிரிவி கவுன்ஸில் ஒன்றே. அதற்குப் பணம் வேண்டும். சம்பாதிப்பவரோ சிறையில். பாகவதருக்கு ஒப்பந்தமாகியிருந்த படங்கள் பல வேறு கைக்குப் போயின. கிருஷ்ணன் வந்தவர்க்கெல்லாம் வாரிக் கொடுத்த கை. கொடுத்துப் பழகிய கைக்குச் சேர்த்து வைக்கத் தெரியாது.

கிருஷ்ணனுடைய மனைவியார் டி. ஏ. மதுரம் அம்மையாரை இவ்விடத்தில் நினையாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. திரையில் கணவரோடு சேர்ந்து ஜனங்களைச் சிரிக்கவைத்த அம்மையார், அவர் இல்லாத காலத்தில் சிரிப்பைக் கட்டி வைத்துவிட்டுக் காரியத்தில் இறங்கினார். நாடகக் குழுவை எஸ். வி. ஸஹஸ்ரநாமம் முன்னின்று நடத்தினார். "பைத்தியக்காரன்" என்ற படத்தையும் எடுத்தார்கள். வழக்கின் செலவு, குடும்பத்தின் செலவு, குழுவை நம்பியிருந்த ஏழைக் கலைஞர்களின் வயிற்றுப்பாடு யாவும் அதில் அடங்கியிருந்தன. கொலைக்காரன் பெண்டாட்டி என்று கூசாமல் சொல்லக்கூடிய ஒரு உலகத்தின் முன்னால், மாலைதோறும் விளக்கேற்றித் திரையைத் தூக்குவதென்பது லேசான காரியமா? இக்கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் இதை நம்மைவிட நன்கு அறிவார்கள்.

லண்டனில் இவர்களுக்காக வாதாடியவர் டி. என். பிரிட் என்னும் புகழ்பெற்ற பாரிஸ்டர். பிரிவி கவுன்ஸில் என்பது உண்மையில் குற்றத்தை மறுபடி ஆராயும் கோர்ட் அன்று. சாமானியமாய்க் கிரிமினல் வழக்குகளில் அது தலையிடுவதே இல்லை. ஆயினும் இவ்வழக்கில் அது தலையிட்டது. ஜூரிமார் சொல்லிவிட்டார்கள் என்ற காரணத்தால் அப்பீல் கோர்ட்டார் தம் அதிகாரத்தைத் தாமே குறுக்கிக்கொள்ளலாகாது, புதிய பிரிவின்படி சாக்ஷியத்தைத் தாமே எடைபோட அவர்களுக்கு உரிமை உண்டு என்ற தாத்பரியத்தில், அப்பீலைத் திரும்பவும் விசாரிக்கும்படி சென்னைக்கே அனுப்பியது.

நம் ஊர்ப் பக்கத்தார்க்கு இதைச் சொல்ல ஒரு சுலபமான வழி உண்டு. மண்டியில் பச்சைத்தோலைப் பார்க்கும்போது மயிருக்குள் எந்த வடு ஒளிந்திருக்கிறதென்று எப்பேர்ப்பட்ட கைதேர்ந்தவனும் நிச்சயமாகச் சொல்லமாட்டான். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி, மயிர் நீங்கி, பலகையில் விழுந்த பிறகே உண்ணிக்கடியும் முள் கீறலும் வெளிப்படும். முதல் விசாரணையில் மயிரோடு பார்த்த சாக்ஷியத்தைச் சுண்ணாம்பில் போட்டுப் பாருங்கள் என்பதே லண்டன் உத்தரவின் சாரம்.

மறு விசாரணை நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுத்தீன் ஆகிய இருவர் முன் நடந்தது. அதில் இவர்களுக்காகப் பேசிய பெரிய வக்கீல் யார் என்று தெரியுமா? நம் வேலூரில் பிறந்த வி. எல். எத்திராஜ் அவர்கள். சென்னையில் கிரௌன் பிராஸிக்யூட்டராக அமர்ந்த முதல் இந்தியர். குற்றஞ்சாட்டும் நாற்காலியில் இருந்து பழகியவர் ஆதலால், குற்றச்சாட்டு எங்கே ஓட்டையாகும் என்பதை உள்ளிருந்தே அறிந்தவர். 1948ஆம் வருஷத்தில் சென்னையில் பெண்களுக்கென்று கல்லூரி ஸ்தாபித்தவரும் இவரே. வடாற்காட்டார் தங்கள் ஜில்லாவின் பெருமை என்று எதை எதையோ சொல்லிக்கொள்கிறோம். இவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

1947ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பாகவதரும் கிருஷ்ணனும் நிரபராதிகள் என்று தீர்ப்பாகி வெளிவந்தனர். கைதானது முதல் சுமார் 28 மாதங்கள் கழிந்திருந்தன. அதே சாக்ஷியம், அதே காகிதங்கள், அதே ஹைக்கோர்ட் கட்டிடம். ஒரு முறை ஆயுள் சிக்ஷை, மறு முறை விடுதலை. போலீஸார் சும்மாவா பிடிப்பார்கள் என்று கேட்ட நண்பருக்கு, போலீஸார் பிடித்து, ஜூரிமார் ஒப்பி, நீதிபதி தண்டித்து, அப்பீலிலும் உறுதியான பிறகும் தீர்ப்புக் கவிழ்ந்தது என்று மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

லக்ஷ்மிகாந்தனைக் கொல்லத் தூண்டியவர் யார் என்பது இன்றுவரை புதிராகவே இருக்கிறது. தவறான ஆளின்மேல் கையை வைத்தால், அகப்பட்டவன் குடும்பம் கெடுவதோடு இறந்தவனுக்கும் நியாயம் கிட்டாமற் போகிறது. இதை ஏனோ யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

விடுதலைக்குப் பிறகு? கிருஷ்ணன் திரும்பவும் எழுந்தார். "நல்லதம்பி"யில் நடித்தார், "மணமகள்", "பணம்" ஆகிய படங்களைத் தாமே டைரெக்ட் செய்தார். சிரிக்க வைத்துக்கொண்டே 1957ஆம் வருஷத்தில், ஐம்பது வயது நிரம்பாமலே காலமானார். பாகவதர் எழவில்லை. "ராஜமுக்தி" 1948ல் வந்தது, ஓடவில்லை. பிறகு வந்தவையும் அவ்வாறே. 1959ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. அவருக்கும் வயது ஐம்பது ஆகவில்லை. கோர்ட் அவருடைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது, காலத்தைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு?

பிரிவி கவுன்ஸிலின் அதிகாரம் 1949ஆம் வருஷத்தோடு இந்தியாவை விட்டு நீங்கியது. ஜூரி முறையும் பின்னர் ஒழிந்தது. இப்போது டில்லியிலேயே சுப்ரீம் கோர்ட் இருக்கிறது, ஏழைகளுக்குச் சட்ட உதவி அளிக்க 1987ஆம் வருஷத்துச் சட்டமும் இருக்கிறது. ஆகையால் இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று யாரேனும் சொல்லலாம். அப்படியன்று. மகாராஷ்டிரத்தில் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேர், 2003ஆம் வருஷத்தில் நடந்த ஒரு கொடிய கொலைக்காகப் பிடிபட்டனர். 2009ல் சுப்ரீம் கோர்ட்டே அவர்கள் அறுவருக்கும் தூக்கு என்றது. அதே சுப்ரீம் கோர்ட் 2019ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் அறுவரும் நிரபராதிகள் என்று விடுவித்து, தலைக்கு 5 லக்ஷம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. கண்ணால் கண்ட சாக்ஷி ஒருவர், போலீஸார் காட்டிய படங்களில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தும், அவர்களைப் பற்றி விசாரணையே நடக்கவில்லை. அகப்பட்டவர்கள் எந்த ஜாதியார் என்பதே அவர்களுக்கு எதிரான சாக்ஷியமாய்ப் போயிற்று. ஜாதியின் பேரால் சங்கம் வைத்திருக்கும் நாம் இதைக் கேட்டுத் தலை நிமிர்ந்து உட்கார வேண்டாமா? ஒரு கூட்டத்தாரைப் பார்த்து "இவர்கள் இப்படித்தான்" என்று சொல்லும் வாய் எந்த நாளும் ஒரே திசையில் திரும்பியிராது.

நமக்கு அண்டையூரான ஜோலார்பேட்டையை மறந்து பேசினால் நீங்களே சிரிப்பீர்கள். பேரறிவாளன் 1991ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் கைதான போது வயது 19. 1998ல் தடா கோர்ட் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் 26 பேருக்கும் மொத்தமாகத் தூக்கு விதித்தது. மறு வருஷம் சுப்ரீம் கோர்ட் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்தினின்று விடுவித்தது. பேரறிவாளன் உள்ளிட்ட நால்வருக்குத் தூக்கு உறுதியாயிற்று. 2011ஆம் வருஷம் செப்டம்பர் 9ஆம் தேதி வேலூர்ச் சிறையில் தூக்கு என்று நாள் குறித்து, சில நாட்களுக்கு முன்பு ஹைக்கோர்ட் தடை விதித்தது. வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே 2013ல், பாட்டரி வாங்கியது எதற்கென்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளியே சொன்னார். 2014ல் தூக்கு ஆயுள் சிக்ஷையாகக் குறைந்தது. 2022ஆம் வருஷம் மே 18ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அவரை விடுவித்தது.

இதில் நாம் ஒன்றைத் தெளிவாய்ச் சொல்ல வேண்டும். பாகவதருக்குக் கிடைத்தது போன்ற நிரபராதி என்ற தீர்ப்பு இவருக்குக் கிடைக்கவில்லை. மந்திரிசபையின் சிபாரிசின்பேரில் கவர்னர் காலங்கடத்தியதை முன்னிட்டு, கோர்ட் தன் விசேஷ அதிகாரத்தால் விடுவித்தது. குற்றத் தீர்ப்பு அப்படியே நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் மாண்டவர்களின் குடும்பத்தாருக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம், அதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. ஆனால் அற்புதம் அம்மாள் என்ற அந்தத் தாயார், முப்பது வருஷத்துக்கு மேலாகச் சிறைவாசலுக்கும் கோர்ட்டு வாசலுக்கும் மந்திரிகள் வீட்டு வாசலுக்கும் நடந்ததை இப்பக்கத்தில் பார்க்காதவர் யார்? மதுரம் அம்மையாருக்கு ஒரு நாடகக் குழு துணை நின்றது. இந்த அம்மையார் புறப்பட்ட நாளில் துணை வந்தவர் எத்தனை பேர்?

பிரேரணைக்கு வருவோம். நம் சங்க விதிகளில் "நன்னடத்தை இழந்தவர்" என்ற சொல் இருக்கிறது, அதைக் கொண்டே நீக்கலாம் என்றார்கள். விதியை நாமும் படித்தோம். நடத்தை இழந்தவர் என்று முடிவு கட்ட வேண்டியவர் யார் என்பது அதில் இல்லை. தகப்பனாரோ இந்தப் பத்திரிகையின் தொடக்க நாள் முதல் சந்தாதாரர். சென்ற வருஷத்துப் பொங்கல் விழாவுக்குப் பந்தல் செலவில் பாதி அவருடையது. அதை வாங்கும்போது நம் கை கூசவில்லை. மகன் சிறையில் இருக்கும் இந்த நாலு மாதமாக அவர் வீட்டுக்கு எந்தக் கலியாணப் பத்திரிகையும் போகவில்லையாம். மூத்த பெண்ணுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோயிற்று. சம்பந்தியாக இருந்தவர் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரை வருத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நாமும் அந்தத் தெருவழியே போகையில் இரண்டு முறை தலையைக் குனிந்துகொண்டு போனோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். மூன்றாம் முறை கதவைத் தட்டினோம். அந்த அம்மாள் மோர் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பையனுக்கு இப்போது வக்கீல் வைத்தவர் யாரும் இல்லை. ஜில்லாச் சட்ட உதவிக் குழுவினிடம் மனுக் கொடுக்கலாம், அது அவனுக்குள்ள உரிமை. அம்மனுவை எழுதி வைத்திருக்கிறோம். அதில் தாயாரின் கையெழுத்து மட்டும் வேண்டும். நண்பர் தம் பிரேரணையைத் தீர்ப்பு வரும்வரையிலாவது நிறுத்தி வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். நிறுத்த மனமில்லையென்றால், அப்பதிவேட்டில் நம் பெயரையும் அதற்கு அடுத்த வரியில் வைத்து இரண்டையும் சேர்த்தே அடிக்கட்டும்.

வருகிற திங்கட்கிழமை திருப்பத்தூரில் வாய்தா. காலை ஏழு மணி பஸ்ஸுக்குத் தகப்பனாரோடு நாம் போகிறோம். உடன் வர விருப்பமுள்ளவர்கள் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.